பீரோ சாவி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்கு வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். 26, 27 வயது இருக்கும். தென் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் பிஎச்.டி. செய்கிறார். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்து, கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து இரண்டு பஸ் மாறி என் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். வருவதாக போனில் சொல்லியிருந்தார்தான். ஆனால், இவ்வளவு காலையில் நான் எதிர்பார்க்கவில்லை. பல் மட்டும்தான் தேய்த்திருந்தேன்.

அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டிருப்பது, 1960-களிலும் 70-களிலும் சென்னை ரெக்கார்டிங் தியேட்டர்களில் வாசித்த வாத்தியக்காரர்களைப் பற்றி. சினிமாவில் பாடியவர்களைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. மெட்டுப் போட்டவர்களைப் பற்றியும் இருக்கின்றன. பின்னால் வரிசையாக உட்கார்ந்து வயலின் இழுத்தவர், ஒரே ஒரு இடத்தில் மணி அடிப்பதற்காக மூன்று மணி நேரம் காத்திருந்தவர் இவர்களைப் பற்றி? இசைத்தட்டின் லேபிளில் பொதுவாக இவர்கள் பெயர் இருக்காது. படத்தின் டைட்டிலிலும் 'குழுவினர்' என்று ஒரே சொல்லில் அத்தனை பேரையும் அடைத்துவிடுவார்கள்.

காபி வந்தது. அவர் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டரை எடுத்தார். உள்ளே நான் 2001-ல் எழுதிய ஒரு கட்டுரையின் ஜெராக்ஸ். அங்கங்கே மஞ்சள் மையில் கோடு போட்டிருந்தது. எழுதிய நானே மறந்துபோன கட்டுரை.

"சார், இதுல ஒரு வயலின்காரரைப் பத்தி சொல்லியிருக்கீங்க. அவர்கூட 2 மணி நேரம் பேசினதா போட்டிருக்கு. ரெக்கார்ட் பண்ணீங்களா?"

"பண்ணேன்மா."

"அந்த கேசட் இப்ப இருக்கா சார்?"

எழுந்துபோய் பீரோவைத் திறந்தேன். பழைய துணி, பத்திரங்கள், பேரனின் பள்ளிக்கூட சர்ட்டிஃபிகேட்டுகள் இவற்றுக்குப் பின்னால் ஒரு ஷூ டப்பா. அதில் ஐந்து கேசட்டுகள். இரண்டில் அந்த வயலின்காரரின் பெயரும் '1996' என்று வருஷமும் என் கையெழுத்தில். டேப்பின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. சக்கரத்தைப் பென்சிலால் சுற்றிப் பார்த்தேன். இரண்டு சுற்றுக்கு மேல் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தியதில் டேப் அறுந்து, மசி மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "பரவாயில்லை சார்" என்றார்.

அந்தப் 'பரவாயில்லை' என்னைப் படுத்திய பாட்டைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

*

முழு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். வயலின்காரர் 1999-ல் காலமாகிவிட்டார். 2004-ல் வெளியூர் மாணவர் ஒருவர் அந்தக் கேசட்டுக்குப் பிரதி கேட்டு எனக்குக் கடிதம் எழுதினார். தபால் செலவு தன்னுடையது என்றும் எழுதியிருந்தார். 'இதை வைத்து நானே ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெளிவந்ததும் பார்த்துக்கொள்ளலாம்' என்று பதில் போட்டேன். புத்தகத்துக்கு ஒரு தலைப்பு வைத்தேன். முன்னுரையில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அவ்வளவுதான். 20 வருஷம் ஓடிவிட்டது. அன்றைக்கே பிரதி எடுத்துக் கொடுத்திருந்தால், அந்த மனிதரின் குரல் இன்று யாரிடமாவது உயிரோடு இருந்திருக்கும்.

நான் செய்தது தப்பா? சட்டப்படி இல்லை. கேசட் நான் காசு கொடுத்து வாங்கியது. வடபழனி சந்துகளில் வெயிலில் அலைந்து வீடு கண்டுபிடித்தது நான். ஒருவர் தன் உழைப்பில் சேர்த்ததை, பின்னால் வரும் இன்னொருவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று என்ன கட்டாயம்? நியாயமான கேள்விதான். ஆனால், சினிமாப் பாட்டு மாதிரியான துறையில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். ஏனென்றால், இந்தத் துறைக்கு வீடு வாசல் கிடையாது.

'சினிமாப் பாட்டுக்கு டாக்டர் பட்டமா?' என்று சிரிப்பவர்கள் இன்றும் உண்டு. அந்தப் பெண்ணின் அப்பாவே கேட்டாராம். உலகம் முழுக்க ஒரு காலத்தில் இதே சிரிப்புதான். ஃபிலிப் டாக் என்ற இங்கிலாந்துக்காரர் ஸ்வீடனில் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் 1979-ல் கொடுத்த ஆய்வு, 'கோஜாக்' என்ற அமெரிக்க டி.வி. போலீஸ் சீரியலின் டைட்டில் இசையைப் பற்றியது. வெறும் 50 செகண்ட் இசை. அதற்கு ஒரு முழு ஆய்வேடு. ஒவ்வொரு வாத்தியமும் கேட்பவர் மனதில் என்ன அர்த்தத்தை ஏற்றுகிறது என்று பிரித்துப் பிரித்து எழுதினார். பீத்தோவனை இப்படி ஆராய்ந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். கோடிக்கணக்கான பேர் தினமும் கேட்கிற இசையை ஆராய்ந்தால் மட்டும் சிரிப்பு வருகிறது.

டாக்கும் அவரைப் போன்ற சிலரும் சும்மா இருக்கவில்லை. 1981-ல் வெகுஜன இசை ஆய்வுக்கென்று ஒரு சர்வதேச சங்கம் ஆரம்பித்தார்கள். அதே வருஷம் கேம்பிரிட்ஜ் பதிப்பகம் இந்தத் துறைக்கென ஓர் ஆய்விதழ் கொண்டுவந்தது. 1988-ல் பீட்டில்ஸ் பிறந்த லிவர்பூலில், பல்கலைக்கழகத்திலேயே இதற்கு ஒரு நிறுவனம் வந்தது. பின்னால் வந்த பையன்களுக்கும் பெண்களுக்கும் போய் உட்கார ஒரு திண்ணையாவது கிடைத்தது.

இங்கே? கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் பரீட்சையில் இசை ஒரு பாடமாக இருக்கிறது. அதில் இந்துஸ்தானி உண்டு, கர்நாடக சங்கீதம் உண்டு, ரவீந்திர சங்கீதம் உண்டு, தாள வாத்தியம் உண்டு. டீக்கடையிலும் கல்யாண மண்டபத்திலும் ஆட்டோவிலும் கேட்கிற பாட்டுக்குத் தனியாக ஒரு பிரிவு கிடையாது. அதனால் சினிமாப் பாட்டை ஆராய வருகிறவர் தமிழ்த் துறையிலோ, சமூகவியலிலோ, மாஸ் கம்யூனிகேஷனிலோ ஒதுங்குகிறார். அங்கே கைடாக அமைபவர் நல்லவராகவே இருந்தாலும் அவருடைய துறை வேறு. விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பிஎச்.டி. மாணவர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். எட்டும் எட்டு திசை என்றால் அவர்தான் என்ன செய்வார்?

ஆகவே, இந்தத் துறையின் அறிவு பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கு வெளியேதான் இருக்கிறது. எடுத்துக்காட்டு, தியடோர் பாஸ்கரன். தபால் துறையில் பெரிய அதிகாரியாக இருந்தவர். நாடகமும் பாட்டும் சினிமாவும் சுதந்திரப் போராட்டத்தில் என்ன வேலை செய்தன என்று 1981-ல் ஆங்கிலத்தில் அவர் எழுதிய புத்தகத்தைத் தொடாமல் இன்றைக்கும் யாரும் இந்தப் பக்கம் வர முடியாது. அவர் எழுதி வெளியிட்டுவிட்டார். மற்றவர்கள்? தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களைச் சேர்த்தவர், 1985-ல் மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னால் அங்கே இசைத்தட்டுகளைப் பொறுக்கியவர், எந்தப் பாட்டுக்கு யார் ஃப்ளூட் என்று விரல்நுனியில் வைத்திருப்பவர் எல்லாரும் தனி ஆட்கள். அவர்கள் வீட்டு ஸ்டீல் பீரோதான் இந்தத் துறையின் லைப்ரரி. சாவி அவர்கள் இடுப்பில்.

*

"உங்க மாதிரி புதுசா வர்றவங்களுக்குன்னு ஒர்க் ஷாப் எல்லாம் நடத்தறாங்களேம்மா?" என்று கேட்டேன்.

"போன வருஷம் மூணு போனேன் சார். பயோடேட்டா எப்படி எழுதறது, 20 நிமிஷத்துல பேப்பர் எப்படி வாசிக்கறது, ஜர்னலுக்கு எப்படி அனுப்பறதுன்னு சொல்லிக் கொடுத்தாங்க. உபயோகமாத்தான் இருந்துச்சு. எல்லாரும் 'பப்ளிஷ் பண்ணு, பப்ளிஷ் பண்ணு'ன்னாங்க. நான் என்ன கண்டுபிடிச்சிருக்கேன்னு ஒருத்தரும் கேக்கலை."

பிஎச்.டி. ஆய்வேடு கொடுப்பதற்கு முன் ஓர் ஆய்விதழில் கட்டுரை வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2022-ல் யு.ஜி.சி. எடுத்துவிட்டது. ஆனால், வேலைக்குப் போகும்போது கட்டுரைகளை எண்ணுவது நிற்கவில்லை. எண்ணிக்கை வேண்டும் என்றதும், பணம் கட்டினால் பத்தே நாளில் அச்சிட்டுத் தரும் 'சர்வதேச' ஆய்விதழ்கள் முளைத்துவிட்டன. எது நல்ல இதழ், எது கடை என்று ஒரு 26 வயதுப் பெண்ணுக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால்தான் தெரியும். இதுவும் பீரோ சாவிதான்.

அவர் இன்னொன்றும் சொன்னார், குரலைத் தாழ்த்தி. தெரிந்த ஒருவர் இரண்டு வருஷம் அலைந்து சேர்த்த பேட்டிகளை வைத்துக் கட்டுரை எழுதினாராம். அச்சில் வந்தபோது கைடின் பெயர் முதலில், அலைந்தவர் பெயர் இரண்டாவதாக. இதைக் கேட்டபோது எனக்கு அந்த வயலின்காரர் ஞாபகம்தான் வந்தது. வாசித்தவர் பெயர் 'குழுவினர்' என்பதற்குள் போய்விட்டது. அந்தப் பெயரை வெளியே கொண்டுவரக் கிளம்பினவரும் இன்னொருவருடைய 'குழுவினர்' ஆகிவிட்டார்.

திருட்டு பயம் பெரியவர்களுக்கும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. நண்பர் ஒருவர் 30 வருஷமாகப் பாட்டுப் புத்தகங்கள் சேர்ப்பவர். நம்பி ஒருவரிடம் 40 புத்தகங்கள் கொடுத்தார். திரும்பி வந்தவை 31. அந்த ஒன்பதைப் பற்றிப் பேசும்போது இன்றும் அவர் குரல் மாறும். 'இனிமே யாருக்கும் கதவைத் திறக்க மாட்டேன்யா' என்கிறார். அவரை நான் எப்படிக் குற்றம் சொல்வது? அவர் எரிந்துபோன கையைத்தான் காட்டுகிறார். ஆனால், புத்தகம் காணாமல் போவதற்கு ஸ்கேன் செய்துகொடுப்பது என்று ஒரு பதில் இன்றைக்கு இருக்கிறது. எனக்கு அந்தச் சாக்கு கூடக் கிடையாது. கேசட்டுக்கு 2004-லேயே பிரதி எடுத்திருக்கலாம். என்னைத் தடுத்தது திருட்டு பயம் இல்லை. 'என்னிடம் மட்டும்தான் இருக்கிறது' என்ற சுகம்.

*

இந்த இடத்தில் சிலருக்கு ஏகலைவன் ஞாபகம் வரும். எனக்கு வந்தவர் சேலம் இராமசாமி முதலியார்.

1880. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ.வே.சா.வுக்கு 25 வயது. மகாவித்துவானிடம் படித்தவர், அதில் பெருமை உண்டு. ஊருக்கு முன்சீபாக வந்திருந்த முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்தீர்கள் என்று கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்று வரிசையாகச் சொன்னார். முதலியார் அசரவில்லை. பழைய நூல்கள் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி தெரியுமா என்று கேட்டார். உ.வே.சா. அதைப் பார்த்ததுகூட இல்லை. அந்தச் சந்திப்பு எப்படி உறுத்தியது என்று அவரே தன் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார்.

முதலியார் அதோடு நிறுத்தியிருந்தால் அவர் வெறும் பரீட்சை அதிகாரி. நிறுத்தவில்லை. தன்னிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு உ.வே.சா.விடமே அதைப் பாடம் கேட்க உட்கார்ந்தார். 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

முன்சீப் ஒன்றும் தமிழ்ப் பேராசிரியர் இல்லை. அவர் செய்தது மூன்றே காரியம். சரியான கேள்வியைக் கேட்டார். கையில் இருந்ததைக் கொடுத்தார். தன்னைவிட 'கீழே' இருந்தவர் முன்னால் மாணவராக உட்காரக் கூச்சப்படவில்லை. வழிகாட்டுதல், மென்டரிங் என்று இன்று எதையெதையோ சொல்கிறார்கள். இந்த மூன்றுக்கு வெளியே அதில் பெரிதாக ஒன்றும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

'அறிவுரை எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன், பீரோவை மட்டும் கேட்காதே' என்பதுதான் நம்மில் பல பேருடைய வழிகாட்டுதல். அறிவுரைக்குச் செலவு கிடையாது. கொடுக்கிறவருக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட உண்டு.

வேறு மாதிரி ஆட்களும் இருக்கிறார்கள். முன்னே சொன்ன ஃபிலிப் டாக் தன் எழுத்தையும் பாடக் குறிப்புகளையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று இணையத்தில் திறந்துவைத்தார். தென்னிந்தியப் பின்னணிப் பாடகர்களைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் அமாண்டா வைட்மன் 2021-ல் எழுதிய புத்தகத்தை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். நம் ஊரிலேயே கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் துண்டுப் பிரசுரங்களும் அவர் மறைவுக்குப் பின் சிதறிப் போயிருக்கலாம். சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கி, கப்பலில் ஏற்றாமல் சென்னையிலேயே வைத்தது. 1994-லிருந்து அது ஒரு நூலகம். ஒரு மனிதரின் அலமாரி, இன்று யார் போனாலும் திறக்கிறது.

*

எல்லாவற்றையும் எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டுமா? அதுவும் சரியில்லை. அந்த வயலின்காரர் ஓர் இடத்தில் "இதை எழுதாதீங்கோ" என்று சொல்லி, தனக்குச் சம்பளப் பாக்கி வைத்த ஒருவரைப் பற்றிச் சொன்னார். அது எனக்காக நம்பிச் சொன்னது. அதைக் கைமாற்ற எனக்கு உரிமை இல்லை. ஆனால், மிச்சமிருந்த ஒன்றே முக்கால் மணி நேரம்? அவர் ரசித்து, தொடையில் தாளம் போட்டு, தன்னோடு வாசித்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாரே, அது எனக்காகவா? நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் சொன்னார். நான் வெறும் தபால்காரன். அடுத்தவருக்கு வந்த கடிதத்தை 28 வருஷம் என் பையிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நான் கடன்பட்டிருந்தது கடிதம் எழுதிய மாணவருக்கு மட்டும் என்று நினைத்தேன். இறந்துபோன அந்த மனிதருக்கும் பட்டிருக்கிறேன் என்பது அந்த டேப் அறுந்தபோதுதான் உறைத்தது.

கிளம்பும்போது அந்தப் பெண் கேட்டார்: "சார், நேராவே கேக்கறேன். நான் இதைத் தொடரலாமா? வேலை கிடைக்குமா?"

இதற்குப் பெரியவர்கள் சொல்லும் பதில் இரண்டு. 'திறமை இருந்தா எங்கேயும் ஜெயிக்கலாம்' என்பது ஒன்று. 'பேசாம டெட் எழுதி டீச்சர் ஆயிடு' என்பது இன்னொன்று. முதலாவது பொய். இரண்டாவது கேள்வியைக் காதில் வாங்காதது. நான் தெரிந்ததைச் சொன்னேன். ஜே.ஆர்.எஃப். கிடைத்தவர்களுக்கு மாதம் 37,000 ரூபாய். அவருக்கு அது கிடைக்கவில்லை, பார்ட் டைமாகப் பாடம் எடுத்து ஓட்டுகிறார். சினிமாப் பாட்டு என்ற பெயரில் வேலை வராது, தமிழிலோ சமூகவியலிலோ வரலாம், வராமலும் போகலாம். அதனால் அந்தத் துறைக்கான படிப்பையும் விடக் கூடாது. ஆனால், அவர் பட்டியலில் உள்ளவர்களில் பலர் 80 வயதைத் தாண்டியவர்கள். இப்போது கேட்காவிட்டால் பிறகு கேட்க ஆளிருக்காது. இரண்டும் உண்மை. கூட்டிக் கழித்து முடிவு எடுக்க வேண்டியவர் அவர்தான். வாழப்போவது அவர், நான் இல்லை.

பிறகு, ஷூ டப்பாவில் மிச்சமிருந்த மூன்று கேசட்டுகளை அவரிடம் கொடுத்தேன். வேறு மூன்று வாத்தியக்காரர்கள் பேசியது. ஒரே ஒரு நிபந்தனை. "டிஜிட்டல் ஆக்கினதும் எனக்கு ஒரு காப்பி, ஏதாவது ஒரு நூலகத்துக்கு ஒரு காப்பி. நாளைக்கு உன்னைக் கேட்டு யாராவது வந்தா அவங்களுக்கும் ஒண்ணு."

"உங்க பேரைக் கண்டிப்பா போடுவேன் சார்."

"பேசினவங்க பேரை முதல்ல போடு."

பத்து நாள் கழித்து போன் வந்தது. மூன்றில் இரண்டு நன்றாக வந்திருக்கின்றனவாம். சந்தோஷப்பட்டேன். கொஞ்சம் தயங்கினார்.

"சார், உங்க கட்டுரைல ஒரு பாட்டுக்கு ஃப்ளூட் வாசிச்சவர்னு ஒரு பேர் போட்டிருக்கீங்க. அது தப்பு மாதிரி தெரியுது."

"எப்படிம்மா சொல்றே?"

"ரெண்டாவது கேசட்ல அந்தத் தாத்தா சொல்ல வர்றார். 'அதை வாசிச்சது அவர் இல்லை, அது வந்து...'ன்னு ஆரம்பிக்கறார். அந்த இடத்துல நீங்க குறுக்கே பேசிட்டீங்க சார். அந்தப் பாட்டு எந்த ராகம்னு ரெண்டு நிமிஷம் விளக்கறீங்க. அதுக்கப்புறம் அவர் வேற விஷயத்துக்குப் போயிடறார்."

போட்டுக் கேட்டேன். ஆமாம். 29 வருஷத்துக்கு முந்தைய என் குரல். எவ்வளவு தெரிந்தவன் மாதிரி பேசுகிறேன்! அந்தப் பக்கம் பெரியவர் 'ஆமாமா, ஆமாமா' என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த ஃப்ளூட்காரரின் குடும்பம் எங்கே இருக்கிறது என்று அந்தப் பெண் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார். எனக்குத் தெரிந்த இரண்டு நம்பர்களைக் கொடுத்திருக்கிறேன். கொடுத்துவிட்டு, "பேட்டி எடுக்கும்போது நீ பேசாதே, அவங்களைப் பேச விடு" என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு அது தெரியும் என்று தோன்றியது. சும்மா இருந்துவிட்டேன்.